மெல்போர்னில் குக் இல்லம்: ஒரு கல்லெழுத்தின் சான்று

ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில், பிட்ஸ்ராய்ப் பூங்காவினுள் நிற்கும் சிறு கல்வீட்டினைக் கடலோடி ஜேம்ஸ் குக் வாழ்ந்த வீடெனக் கருதுவோர் பலர். அதனைக் காணச் சென்ற யாம் முதற்கண் நோக்கியது வாயில்மேற் பொறித்த எழுத்துகளையே. குக்கின் தந்தை ஜேம்ஸ், தாய் கிரேஸ் என்போர் பெயர்களின் முதலெழுத்துகளும் 1755 என்னும் ஆண்டும் ஆங்கு உள்ளன. 1728-இல் பிறந்த மகனோ 1745-இலேயே இல்லம் நீங்கி, ஸ்டெயித்ஸ் என்னும் கடற்கரையூர்க் கடையொன்றில் வேலைக்கமர்ந்தார். 1755-இல் அரசுக் கடற்படையிற் சேர்ந்தார். எனவே இஃது அவர் வளர்ந்த வீடன்று. பெற்றோரைக் காண வந்து தங்கியிருக்கலாம். அதற்குமேற் கூறுதல் சான்றினைக் கடந்ததாகும்.

வீடு ஈண்டு வந்த வரலாறு வியப்புடையது. இங்கிலாந்தில், யார்க்ஷயரின் கிரேட் ஏய்டன் என்னும் ஊரில் நின்ற இதனை ரசல் கிரிம்வேட் என்பார் 800 பவுனுக்கு வாங்கினார். கற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்துக் கப்பலேற்றினர். மெல்போர்ன் நூற்றாண்டு விழாக் கொண்டாடிய 1934-இல் மீண்டும் எழுப்பினர். 1770-இல் இக்கண்டத்தின் கீழைக்கரையோரம் சென்ற குக், மெல்போர்ன் அமைந்த விரிகுடாவிற் புகுந்ததே இல்லை. குடியேறியோர் வழியினர் தம் நகருக்கு ஒரு தொன்மையை வேண்டினர். அதனை விலைக்குப் பெற்றனர் என்பதே எம் கருத்து. அந்நிலத்திற்கு வுருண்ட்ஜெரி மக்களின் தொன்மை முன்னரே உண்டு. அஃது அவர்கட்குத் தொன்மையாகத் தோன்றவில்லை போலும்.

முன்னர்க் 'கேப்டன் குக்கின் வீடு' என வழங்கிய பெயர், இன்று 'குக் குடும்பத்தார் வீடு' எனப் பொருள்பட எழுதப்படுகின்றது. 'கேப்டன்' என்னும் அடை நீங்கியது. ஆங்கிலத்தில் உடைமை காட்டும் மேற்குறியும் ஓரிடம் தள்ளி நின்று, ஒருமையைப் பன்மையாக்கிற்று. ஆறாம் வேற்றுமையின் பிறிதின்கிழமைப் பொருளில் உடையார் யாவர் என்னும் இவ்வினாவிற்கு, வாயிற்கல் 1755-இலேயே விடை கூறியுள்ளது.