நாமகிரி கனவில் வராத கணிதர்

ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிறது திருச்செங்கோடு. ராமானுஜன் 1887-இல் பிறந்தது ஈரோட்டில். அவர் குடும்பம் கும்பிட்ட நாமகிரித் தாயார் நாமக்கல்லில். இடையில் குடியிருப்பவன் கணிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராமானுஜனில் போய் முடிந்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து எழுதாத விதி. துறைமுக குமாஸ்தா, கனவில் சூத்திரம் தரும் தெய்வம், கேம்பிரிட்ஜ், நோய், 32 வயதில் சாவு. கதைக்கு வேண்டியதெல்லாம் அமைந்துவிடுகிறது. கணிதம் மட்டும் வேண்டியிருப்பதில்லை. பாரதியை யானையைக் கொண்டும் புதுமைப்பித்தனை க்ஷயத்தைக் கொண்டும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள்தானே நாம். இப்படியொரு கதை அமையாத எஸ். எஸ். பிள்ளையைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். குழந்தையிலேயே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தகப்பனாரும் போய்விட, சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்ததால் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி. 1929-இல் சிதம்பரத்துக்கு வந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தது. 1941 வரை அங்கே விரிவுரையாளர். அவருடைய பெரிய காரியம் அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் நடந்தது.

அந்தக் காரியம் என்ன என்பதைச் சொல்லாமல் ஆளைப் புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்று 1770-இல் லாக்ராஞ்ச் நிரூபித்தார். அதே வருஷம் எட்வர்ட் வாரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், கனங்களானால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கானால் பத்தொன்பது போதும், மேலேயும் இப்படியே என்று எழுதி வைத்தார். நிரூபணம் தரவில்லை. எந்த அடுக்கானாலும் ஏதோ ஒரு எண்ணிக்கை போதும் என்று ஹில்பர்ட் காட்டியது 1909-இல். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது அப்போதும் தெரியாது.

வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புரிவதில் சிரமமில்லை. 1, 8, 27 என்று கன எண்களில் மட்டும் நோட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 23 ரூபாய் கொடுக்கவேண்டும். 27 உதவாது. எட்டு இரண்டு, மீதிக்கு ஒன்று ஏழு; ஆக ஒன்பது நோட்டு. இதைக் குறைக்க வழியில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் இப்படி மூன்றின் அடுக்கு எட்டாத உயரத்தில் நிற்க, ஒன்றையும் இரண்டின் அடுக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடும் ஒரு எண் உண்டு. அதற்கு எத்தனை நோட்டு என்று கணக்கிட்டுவிடலாம்: இரண்டை அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றரையை அதே அடுக்குக்கு உயர்த்திப் பின்னத்தைத் தள்ளிக் கூட்டி, இரண்டைக் கழிக்கவேண்டும். ஆறாம் அடுக்குக்கு 64-உம் 11-உம் சேர்ந்து 75. இரண்டு போக 73. வேறு எந்த எண்ணும் இதைவிட அதிகம் கேட்காது என்று நிரூபிப்பதுதான் மலை. மிகப் பெரிய எண்களுக்கு ரஷ்யரான வினோகிராதோவின் முறை உதவியது. அதற்குக் கீழே இருப்பவற்றைக் கையால் கணக்குப் போட்டுக் கடக்கவேண்டும். ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளுக்குப் பிள்ளை 1936-இல் இதைச் செய்தார். ஒரு நிபந்தனை உண்டு. அதை மீறும் அடுக்கு இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. மிகவும் முரண்டிய ஆறாம் அடுக்கை 1940-இல் முடித்தார்.

இங்கேதான் அமெரிக்கா வருகிறது. லியோனார்ட் யூஜீன் டிக்ஸன், 1874-இல் அயோவாவில் பிறந்து டெக்ஸாஸில் வளர்ந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தூண். எண் கோட்பாட்டின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதியவர். அவரும் அதே 1936-இல், பிள்ளையை அறியாமலே, அதே முடிவுக்கு வந்தார். அவர் எழுதியது உலகம் முழுதும் போகிற அமெரிக்கப் பத்திரிகையில். பிள்ளை எழுதியது இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும். சொற்பப் பிரதிகள் அச்சடித்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பும் நமக்கு இதன் அர்த்தத்தை விளக்கவேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைத் தியாகியாக்கி அழுவதற்கும் இடமில்லை. கணிதக்காரர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். வாரிங் கணக்கின் வரலாற்றில் டிக்ஸனையும் பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறார்கள். அவரை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம்.

அவருடைய சின்ன விஷயங்களிலும் ஒரு ருசி இருக்கிறது. அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறு வரை எடுத்தால், மற்ற எதனோடும் பொது வகுஎண் இல்லாத ஒன்று அதில் இருந்தே தீரும். பதினேழு எடுத்தால் இந்த உத்தரவாதம் போய்விடுகிறது. 2184-இலிருந்து 2200 வரை எழுதிப் பாருங்கள். கணக்கு முடித்த ஒரு சாயங்காலம் சலான் தாளின் பின்புறத்தில் நான் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை.

1941-இல் திருவிதாங்கூர், மறுவருஷம் கல்கத்தா. 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் அப்போதுதான். அவர் போன டி.டபிள்யூ.ஏ. விமானம் ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவை விட்டுக் கிளம்பியதும் தீப்பிடித்து விழுந்தது. 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மாநாடு முந்தின நாளே தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்டுப்போன ஐந்தாம் அடுக்கை 1964-இல் சீனரான சென் ஜிங்ருன் முடித்தார்: 37. நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது; முடித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஆர். பாலசுப்ரமணியன். விடை, வாரிங் சொன்ன 19. அதே பாலசுப்ரமணியன் ஆர். தங்கதுரையோடு சேர்ந்து பதிப்பித்து, பிள்ளையின் கட்டுரைகள் 2010-இல் தொகுதிகளாக வந்தன. அடுக்கு எண்களுக்கு இடையிலான இடைவெளிகளைப் பற்றி அவர் சிதம்பரத்தில் இருந்தபோது ஊகித்த ஒன்று மட்டும் இன்னும் நிரூபணமாகாமல் கிடக்கிறது.