உணவு வங்கியும் வன்னி நாட்டு வழக்கமும்

உணவு வங்கி என்பது, விற்பனையாகாமல் எஞ்சிய உணவுப் பொருள்களையும் தர்மமாக வந்த தானியம், பருப்பு முதலியவற்றையும் ஓரிடத்தில் திரட்டிப் பாதுகாத்து, பசியுற்ற குடும்பங்களுக்கு நேராகவோ சிறுவர் இல்லம், கோயில், பள்ளிக்கூடம் முதலிய ஸ்தாபனங்களின் வாயிலாகவோ பகிர்ந்தளிக்கும் அமைப்பாகும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1967ஆம் ஆண்டில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் தேவாலயமொன்றின் ஆதரவோடு தொடங்கிய சென் மேரிஸ் உணவு வங்கியே இவ்வகையில் முதலாவது என்பர். கனடாவில் 1981இல் எட்மண்டனிலும், இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் சோல்ஸ்பரியிலும் இம்முறை வேரூன்றியது. பேரங்காடிகள் தம் மிகைச் சரக்கைக் கொடுப்பதும், கம்பனி ஊழியர் ஓய்வுநாளில் வந்து பொருள்களைத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்குவதும், மாதச் சம்பளத்தில் சிறு தொகையைக் கழித்துக் கொடுப்பதும் அந்நாடுகளில் நிலைபெற்ற வழக்கங்கள். இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் ‘உணவு வங்கி’ என்ற பெயர்ப்பலகையை ஊர்தோறும் காண இயலாது. எனினும் அது செய்யும் காரியத்தைக் கூட்டுறவுச் சங்கக்கடையும், ஆலய மடமும், ஆடைத்தொழிற்சாலையின் நலன்புரிச் சங்கமும், கடல்கடந்த பழைய மாணவர் சங்கமும் தத்தமக்கு இயன்றவாறு பங்கிட்டுச் செய்து வந்திருக்கின்றன. கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரம் அதற்கு ஏற்றதோர் உதாரணம்.

உருத்திரபுரம் பழைமையானதொரு சிவாலயத்தால் பெயர்பெற்ற ஊர். ஆயினும் இன்று அங்கு வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவை குடியேற்றக் காலத்து வழிவந்தவை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920 அளவில் கட்டிமுடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்தோடு 1936 அளவில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. அதன் தொடர்ச்சியாகக் காடு வெட்டிக் கழனியாக்கப்பட்ட நிலங்களிலே உருத்திரபுரத்து வயல்களும் அடங்கும். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் இலக்கத்தாலேயே குறிச்சிகள் அழைக்கப்படும் அவ்வூரில், நீரே விலாசமாக இருக்கிறது.

நெல் விளையும் ஊருக்கு நிவாரணம் எதற்கு என்று வெளியூரார் வினவுவதுண்டு. இதற்கு விடை களத்துமேட்டில் இருக்கின்றது. காலபோக நெல் தை, மாசி மாதங்களில் முற்றியதும், மக்கள் ‘சுனாமி’ என்று அழைக்கும் பெரிய அறுவடை இயந்திரம் வரம்போரம் வந்து நின்று, ஒரு பகலுக்குள் பல ஏக்கரை வெட்டித் தூற்றி நெல்லை ஈரத்தோடு மூட்டையாக்கிவிடுகின்றது. உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் உழவுக்கும் பட்ட கடன் அறுவடை நாளையே எதிர்பார்த்திருப்பதனாலும், நெல்லை உலரவிடத் தளமும் அடுக்கிவைக்கக் களஞ்சியமும் இல்லாமையாலும், கமக்காரர் அந்த ஈர நெல்லை வயலோரத்து லொறிக்கே கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். சிலர் தார்வீதியின் ஒரு கரையில் பரப்பி இரண்டொரு நாள் வெயிலுக்குக் காத்திருக்கின்றனர். பின்னர் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், கூலிவேலையும் அற்றுப்போன நாட்களில், தாம் விற்ற நெல்லின் அரிசியையே கடையில் இருமடங்கை நெருங்கும் விலை கொடுத்து வாங்க நேர்கின்றது. வயற்காணி இல்லாத குடும்பங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வன்னியின் பசி விளைச்சற் குறைவால் மாத்திரம் வருவதன்று; சேமிப்புக்கும் விற்பனைக்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றது. பொருளுதவி செய்ய முன்வரும் ஸ்தாபனங்கள் இதனை உணர்ந்தனவா என்பதைக் கொண்டே அவற்றின் தொண்டை அளக்க வேண்டும்.

வணிக முயற்சியையும் அன்னதானத்தையும் ஒருங்கே நினைத்தவர் ஈழத்தில் முன்னரே இருந்தார். 1877 அளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தர்மம் நடத்திய ஆறுமுக நாவலர், தம் இறுதிக் காலத்திலே, பங்கு மூலதனம் திரட்டிக் கமத்தொழிலும் வாணிகமும் செய்யும் கம்பனியொன்றை அமைக்கும் முயற்சிக்கும் முன்னின்றார். கஞ்சி ஊற்றுவது அன்றைய பசிக்கு. கம்பனி மறுவருடத்துப் பசிக்கு என்று அவர் கருதினார் போலும். நாவலரின் சமயத் தொண்டை எழுதியவர்கள் இப்பகுதியை அவசரமாகக் கடந்துபோவது வருந்தத்தக்கது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில், ‘அன்னதானக் கந்தன்’ என்று அடியார் போற்றும் முருகன் சந்நிதானத்து மடங்களிலும் ஆச்சிரமத்திலும் நாள்தோறும் நடைபெறும் உணவளிப்பும், வணிகரும் உத்தியோகத்தரும் தம் பெயரில் ஒருநாட் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டினாலேயே பெரிதும் நிலைபெற்று வருகின்றது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942 முதல், அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டபோது இலங்கை முழுவதும் கூட்டுறவுக் கடைகள் பெருகின; 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்தனவின் காலத்தில் அவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக உருப்பெற்றன. கிளிநொச்சியின் சங்கங்கள் நெல்லை வாங்கின, அரிசியாக்கின, கூப்பனுக்குக் கொடுத்தன. பிற்காலத்து உள்நாட்டு யுத்த ஆண்டுகளிலும் பொருளாதாரத் தடைக்காலத்திலும், உலக உணவுத் திட்டத்தின் அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியவை குடும்ப அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்டதும் இச்சங்கங்களின் மனேச்சர், கிளாக்கர், அளவையாளர் ஆகியோரின் கையாலேயே. தாமும் இடம்பெயர்ந்து, தறப்பாளின் கீழ்த் தராசை நட்டு, கணக்குக் கொப்பியை மழையில் நனையாமல் காத்த அவ்வூழியர்களைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லையே என்பது இக்கட்டுரையாளரின் நெடுநாட்குறை. 2009ஆம் ஆண்டில், யுத்தத்தின் இறுதி மாதங்களில், அளப்பதற்கும் ஏதுமற்றுப் போயிற்று. அப்போது குடித்த கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் ‘முள்ளிவாய்க்கால் கஞ்சி’ எனக் காய்ச்சிப் பகிர்ந்து மக்கள் நினைவுகூர்கின்றனர். செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து மீண்டு 2010 அளவில் ஊர் திரும்பியோர்க்கு மீண்டும் சங்கக்கடையே நிவாரணத்தின் வாயிலாயிற்று.

யுத்தத்தின் பின்னரே பெரிய கம்பனிகள் வன்னிக்குள் வந்தன. கிளிநொச்சிக்குத் தெற்கே அறிவியல் நகரில் எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் குழுமத்தின் ஆடைத்தொழிற்சாலைகள் எழுந்தன. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேறு தொழிற்சாலைகள் தோன்றின. விடியுமுன் கம்பனி பஸ் சந்தியில் வந்து நிற்க, சாப்பாட்டுப் பெட்டியோடும் அடையாள அட்டையோடும் இளம்பெண்கள் ஏறிச்செல்லும் காட்சி கிராமங்களுக்குப் புதிதாக வந்தது. இங்கே ஒரு விசேஷத்தைக் குறிப்பிடல் வேண்டும். மேலைநாட்டு உணவு வங்கிக்கு உதவும் கம்பனி ஊழியர் ஒரு வகுப்பினர், அவ்வுணவைப் பெறுவோர் வேறொரு வகுப்பினர். வன்னியிலோ, தொழிற்சாலையின் நலன்புரிச் சங்கத்துக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கும் பெண்ணின் தாயாரே, வெள்ளக் காலத்தில் அதே சங்கம் கட்டிய உலர் உணவுப் பொதியைக் கிராம அலுவலரின் பட்டியல்வழிப் பெறுபவராக இருத்தல் கூடும். ஆதலால் அங்கே தொழிற்சாலை செய்யும் முதல் உணவுத் தொண்டு, காலந்தவறாத கூலியும் வேலைத்தலத்தில் வயிறார இடும் ஒருவேளைச் சோறுமே. ஏனையவெல்லாம் அதன்பின் வருவன.

2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி இரவு பெய்த பெருமழையால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த குடியிருப்புகள் நீரில் மூழ்கியபோது, இந்த உதவிமுறையின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்பட்டன. முதலிரு நாட்களில் சமைத்த சோற்றுப் பார்சலை அயற்கிராமத்து இளைஞரும் கோயில்களும் கொடுத்தனர். பின்னரே தென்னிலங்கையிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் வணிகர் சங்கங்கள், வங்கி ஊழியர், பாடசாலைகள் அனுப்பிய லொறிகள் வந்து சேர்ந்தன. வீதியோரத்து முகாம்களுக்கு ஒரே நாளில் பல லொறிகள் போக, உள்வாய்க்கால் ஓரத்து வீடுகளுக்கு ஒன்றும் போகாத முறைகேடு இத்தகைய தருணங்களில் எங்கும் நிகழ்வதே. பிரதேச செயலகத்தின் பட்டியலோடு இணைந்து செயற்பட்டவர்களே இதனைத் தவிர்த்தனர்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட, அடுத்த காலபோக விளைச்சல் வீழ்ந்தது; 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது; அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் 94.9 சதவீதத்தை எட்டியது. நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பற்ற நிலையில் இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அக்காலத்தில் தொலைத்தொடர்பு நிறுவனமான டயலொக் ஆக்சியாட்டா முன்னெடுத்த ‘மனுதம் மெஹெவர’ என்னும் திட்டத்தில் எம்.ஏ.எஸ்., ஹேமாஸ், சி.பி.எல். முதலிய கம்பனிகள் சேர்ந்துகொள்ள, கிராமங்களில் நெடுங்காலம் வேரோடியிருந்த சர்வோதய இயக்கம் பொதிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. பணமும் போக்குவரத்தும் கம்பனியிடம், குடும்பங்களை அறிந்த அறிவு சமூக இயக்கத்திடம் என்ற இந்தத் தொழிற்பிரிவினையே இத்துறையில் இலங்கை கண்ட நல்ல அநுபவம்.

உலர் உணவுப் பொதியின் வடிவம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, சோயா மீற், நெத்தலிக் கருவாடு அல்லது ரின்மீன், சிலவேளை பால்மா. வழங்கும் முறையும் ஒன்றாகவே ஆகிவிட்டது. சனசமூக நிலையத்து மண்டபத்தில் பதாகை கட்டப்படும். பிளாஸ்டிக் கதிரைகள் போடப்படும். பொதியின்மேல் நிறுவனத்தின் சின்னம் தெரியும்படி பெண்ணொருத்தி அதை நெஞ்சோடு பிடித்து நிற்க, கொடுப்பவர் மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டு கமராவைப் பார்ப்பார். பொதியின் பெறுமதியைவிடப் பதாகைக்கும் பயணத்துக்கும் ஆன செலவு மிகுந்த சந்தர்ப்பங்கள் இல்லையென்று சொல்வதற்கில்லை. கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும் என்ற நியாயம் விளங்கத்தக்கதே; ஆயினும் கணக்கறிக்கைக்கு ஒப்பமிட்ட பட்டியல் போதும், முகம் தேவையில்லை.

இதைவிடக் கூர்மையான முரண்பாடு நுண்கடன் விடயத்தில் உண்டு. யுத்தத்தின் பின் வன்னிக்குள் புகுந்த நிதிக் கம்பனிகள் பெண்களுக்கு வாரத்தவணைக் கடன் கொடுத்தன. தவணை கட்டுவதற்காக அடுப்பை அணைத்துவைத்த வீடுகள் பல. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்க 2018இல் அரசு தலையிட நேர்ந்தது. இத்தகைய நிலத்தில், வட்டியைத் தளர்த்துவதும் சமூகத் தொண்டின் கணக்கில் சேர வேண்டியதே.

புலம்பெயர்ந்தோரின் பங்கு கம்பனிகளினதைவிட அமைதியானது, இடையறாதது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வேலைசெய்யும் உருத்திரபுரத்தாரும் அயலூராரும், பிள்ளையின் பிறந்தநாளுக்கும் பெற்றோரின் ஆண்டுத் திவசத்துக்கும் ஜெயந்திநகர் மகாதேவா சைவச் சிறுவர் இல்லம் போன்றவற்றுக்கு ஒருநாள் உணவை ஏற்கின்றனர். மாணவர்க்குக் காலையுணவுக்கும் பழைய மாணவர் சங்கங்கள்வழிப் பணம் அனுப்புகின்றனர். அவர்களுள் ரொறன்ரோவில் வாழ்வோர் அந்நகரத்தின் ஸ்காபரோப் பகுதியில் கடைகளின் துணையோடு தைப்பொங்கல் காலத்தில் தகரமடைத்த உணவுகளைச் சேர்த்து அந்நகரத்து உணவு வங்கிக்குக் கொடுப்பதும் உண்டு.

தமிழகத்தில், கோயம்புத்தூரில் 2014இல் தோன்றிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு, கலியாண மண்டபங்களிலும் நிறுவனங்களின் உணவகங்களிலும் எஞ்சிய சமைத்த உணவை உடனே எடுத்துச்சென்று பகிர்கின்றது. மண்டபங்கள் நெருங்கிய நகரத்துக்கு அது பொருந்தும். வீடுகள் வாய்க்கால் நெடுகிலும் விலகி நிற்கும் உருத்திரபுரத்துக்கு, வெயிலில் கெடும் சோற்றைச் சுமந்து செல்வது பொருந்தாது. மேலும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தம் சராசரி இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதிக்கின்றது. இலங்கையில் அத்தகைய கட்டாயம் இல்லாமையால் தொண்டின் அளவும் இடமும் முகாமையாளரின் மனப்போக்கைப் பொறுத்தே அமைகின்றன. உருத்திரபுரம் போன்ற ஊருக்கு அம்மனப்போக்கு எத்திசையில் திரும்ப வேண்டுமென்பதில் கமக்காரர் அமைப்புகளுக்கு ஐயமில்லை: நெல் உலரவிடும் சீமெந்துத் தளம், எலி புகாத களஞ்சியம், அறுவடையின்போது நெல்லை ஈட்டாக வைத்துக்கொண்டு விலை ஏறும்வரை பொறுக்கும் கடன், தொழிற்சாலைச் சமையலறைக்கு வேண்டிய அரிசியைச் சங்கத்தின் ஆலையிலேயே வாங்கும் உடன்படிக்கை. இவற்றுள் கடைசியானதற்குத் தானப்பணம் ஒரு சதமும் தேவைப்படுவதில்லை.