கைமேரா

புரதம் முதலிய உயிர் மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணினித் திரையில் கண்டாராய்வதற்கென, சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் இயற்றிய மென்பொருளுக்கு இட்ட 'கைமேரா' என்னும் நாமம், கிரேக்கத்தில் 'கிமைரா' என ஒலித்து, ஆதியில் பெண் வெள்ளாட்டையே குறித்தது. குளிர்காலத்தைச் சுட்டும் சொல்லோடு உறவுடையதாதலின், ஒரு குளிர்காலம் கண்ட இளம் ஆடு என்பதே அதன் மூலப்பொருள் என்பர். ஹோமரின் இலியத் காவியத்திலோ அது, முன்புறம் சிங்கமும் இடையில் ஆடும் பின்புறம் சர்ப்பமுமாய்த் தீ உமிழும் விசித்திர மிருகத்தின் பெயராயிற்று. ஹீமோகுளோபின் என்னும் இரத்தப் புரதத்தை இம்மென்பொருளில் திறந்து மெல்லச் சுழற்றினால், நான்கு புரதச் சங்கிலிகள் நாடாச் சுருள்களாய்ப் பின்னிக்கிடக்க, ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஓர் இரும்பணுவைத் தாங்கிய ஹீம் என்னும் மூலக்கூறு தட்டையாய் அமர்ந்திருப்பது தெரியும். வேறுபட்ட அங்கங்கள் கூடி ஒன்றாய் இயங்கும் இவ்வதிசயத்தைக் காட்டும் கருவிக்கு, இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திராது.