கல்லூரிக்கு ஆள் சேர்த்த கதை

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், ஊத்துக்குளி வட்டாரத்து வீடுகளுக்கு மூவர் வருவது வழக்கம். ஒருவர், பனியன் கம்பெனிக்கோ நூற்பாலைக்கோ ஆள் கேட்டு வருபவர். இரண்டாமவர், ஏதோ ஒரு கல்லூரியின் வண்ணத்தாளைக் கையில் ஏந்தி, இன்றே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்று சொல்பவர். மூன்றாமவர், வீட்டில் பெண் இருந்தால், வரன் கொண்டுவரும் உறவினர். மூவரும் பேசுவது ஒரே பிள்ளையின் எதிர்காலத்தைத்தான். மூவர் பேச்சிலும் பணம் உண்டு.

வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் பெற்ற இவ்வூர், ஈரோட்டிலிருந்து கோவைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் திருப்பூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நம் மக்களுக்குச் சோறு போட்டது. வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த பல கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நிழல் தந்தது. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆயினும், பள்ளி முடித்த சிறுவன் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, சனிக்கிழமை தோறும் சம்பளம் கொண்டுவரும் ஊரில், கல்லூரி என்பது மூன்று நான்கு ஆண்டுகள் பணம் கொண்டுவராத இடமாகவே தோன்றும். அந்தத் தாயிடம் சென்று, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று சொல்வது எளிய பணியன்று. அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? எந்த முறையில் சொல்லலாம்? இக்கேள்விக்கு விடை தேடியபோது, நாம் இரு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

சீதனம் தந்து அழைத்தவர்கள்

தமிழ் மண்ணில் உயர்கல்விக்கு வீடு வீடாக ஆள் தேடிய கதையின் முக்கியமான தொடக்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உள்ளது. 1816-இல் அங்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார், 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். பெயர் செமினரி என்றாலும், அது குருக்களை மட்டும் உருவாக்கும் இடமன்று. கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்த உயர்கல்விக் கூடம். டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். பிள்ளைகளை உறைவிடத்தில் விட, சாதி ஆசாரத்துக்கு அஞ்சிய பெற்றோர் தயங்கினர். உணவும் உடையும் இலவசம் என்று சொல்லியே பலரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்களே மாணவர் பலருக்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, சார்ல்ஸ் வின்சுலோ தாமோதரம்பிள்ளை ஆகிய பெயர்கள் அந்த ஏற்பாட்டின் சுவடுகள். ஒரு பிள்ளை கல்விக்கு ஈடாகத் தன் பெயரிலேயே ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பெண்பிள்ளைகளை அழைப்பது இன்னும் கடினமாக இருந்தது. 1824-இல் ஹாரியட் வின்சுலோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் உறைவிடப் பள்ளி, ஆசியாவில் அத்தகைய முதற்பள்ளிகளுள் ஒன்று. எழுத்தறிவு பெண்ணுக்கு எதற்கு என்று ஊர் கேட்டது. மிஷன் ஒரு வழி கண்டது. பள்ளியில் தங்கிப் படித்து, கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனத் தொகையை மிஷனே கொடுத்தது. சீதனம் இன்றிப் பெண்ணைக் கரையேற்ற முடியாத சமூகத்தில், அந்தச் சொல் கதவுகளைத் திறந்தது.

இதை எப்படி மதிப்பிடுவது? தம்மவரின் செயலாயினும் பிறரின் செயலாயினும், வரலாற்றை நேர்மையாகப் பார்ப்பதே விசுவாசிக்கு அழகு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, விசுவாசத்தைப் பரப்புவதில் வற்புறுத்தலும் தகாத தூண்டுதலும் கூடாது என்றும், எழுத்தறியாதவரிடமும் ஏழைகளிடமும் அவ்வாறு செய்வது அறவே தவிர்க்கப்பட வேண்டும் என்றும் கற்பிக்கிறது. அவ்வளவுகோலின்படி, மணமகன் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்த சீதனம் தூய அழைப்பன்று. கத்தோலிக்கர்களாகிய நாமும் நம் மிஷன் வரலாற்றில் இதையொத்த தவறுகளைச் செய்திருக்கிறோம். ஆகவே இதைச் சொல்வதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை.

எனினும் உடுவிலின் கதை சீதனத்தோடு முடியவில்லை. 1840-இல் எலைசா அக்னியூ என்ற மணமாகாத அமெரிக்கப் பெண்மணி யாழ்ப்பாணம் வந்தார். 1879 வரை அப்பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல், 1883-இல் அம்மண்ணிலேயே இறந்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரை அழைத்தனர். தம்மிடம் படித்தவர்களின் இல்லங்களைத் தேடிச் சென்றார். அவர்களுடைய மகள்களையும் பேத்திகளையும் கற்பித்தார். அழைக்கப்பட்ட முறையில் குறை இருந்தது உண்மை. ஆனால் அழைத்தவர் அழைக்கப்பட்டவரை விட்டு அகலவில்லை என்பதும் உண்மை.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. ஆனால் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் அங்கு உருவானவர்களே. அவர்களே மேலே பெயர் சொன்ன விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகவே வாழ்ந்து, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். சேர்த்தவர்கள் நினைத்தது ஒன்று. கல்வி தந்த கனி வேறொன்று. அது தமிழுக்கே கிடைத்த கனி.

நம் வீட்டுக் கதை

நம் திருச்சபையில், இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கினர். 1883-இல் அது திருச்சிக்கு மாறியது. 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியும், திருச்சியில் சிலுவைக் கன்னியரின் ஹோலி கிராஸ் கல்லூரியும், 1925-இல் சென்னையில் இலயோலாக் கல்லூரியும் எழுந்தன. இவற்றின் புகழை நாம் அறிவோம்.

ஆயினும், ஆள் தேடிச் செல்லும் அன்பின் சிறந்த எடுத்துக்காட்டை நம் வாசலுக்கு வெளியிலும் காணலாம். குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி, சென்னையில் பிரசன்டேஷன் கன்னியர் மடத்தின் கல்வி நிழலில் பயின்று, 1911-இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களைக் கூட்டி, ஒரு சில பெண்களோடு 1912-இல் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்குச் சென்றது. 1914-இல் அருகிலேயே இராணி மேரிக் கல்லூரி பிறந்தபோது, இல்லத்துப் பெண்கள் கல்லூரி வாசலையும் மிதித்தனர். அவர் மதம் மாறவில்லை. ஆயினும் மக்கள் அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்றே அழைத்தனர். ஊரார் சபிக்கும் வீட்டுக்குள் சென்று, உன் மகளை என்னிடம் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. தம் வாழ்வையே பிணையாக வைத்ததால் வந்த உரிமை அது.

தரகு நுழைந்த காலம்

1984-க்குப் பின் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. பட்டம் பலருக்கு எட்டியது, அது நன்மையே. ஆனால் இடங்கள் நிரம்பினால்தான் கல்லூரி நடக்கும் என்ற நிலை வந்தபோது, ஆள் சேர்ப்பது ஒரு வாணிபமாயிற்று. 1992-இல் தமிழ்நாடு அரசு நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதே 1992-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. அரசின் மாணவர் உதவி நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்கள், சேர்க்கும் ஆள் கணக்கைப் பார்த்துத் தம் சேர்க்கை அலுவலருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ கொடுக்கலாகாது என்று அது விதித்தது. தலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், எதிரில் இருக்கும் பிள்ளைக்கு எது நல்லது என்று சொல்ல மாட்டார் என்பதை அந்நாடு பட்டறிந்தே இவ்விதியை எழுதியது.

நம் மாநிலத்தில் 1997-இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது. ஊத்துக்குளிப் பையன் தந்தையோடு பாதிக் கட்டணத்தில் பேருந்து ஏறி, விடியலில் கிண்டியில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழக அரங்கில் திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்துத் தானே கல்லூரியைத் தேர்ந்தான். தரகருக்கு அங்கு இடமில்லை என்று நம்பினோம். ஆனால் தகவல் இல்லாத இடமெல்லாம் தரகருக்கு இடமுண்டு. 2018-இல் கலந்தாய்வு இணைய வழிக்கு மாறியது. பயணம் மிச்சமாயிற்று, ஆயினும் விருப்பப் பட்டியலை நிரப்பத் தெரியாத பெற்றோர், கடவுச்சொல்லையே பிறர் கையில் கொடுத்துவிடும் அவலமும் நேர்ந்தது.

இங்கு நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் மக்களிடம் பேச அனுமதி கேட்டார். நல்ல காரியம்தானே என்று கொடுத்தோம். நாமும் இரண்டு சொல் சேர்த்துச் சொன்னோம். செக்கிங் வேலை செய்யும் தாய் ஒருவரின் மகள் அங்கு சேர்ந்தாள். சொல்லப்பட்ட சலுகை முதலாண்டோடு நின்றது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட இயலவில்லை. விலக எண்ணியபோது, முழுப் பணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்கள் என்றார்கள். அப்பெண் நம் இல்லத்து வாசலில் நின்று, "சாமி, நீங்க சொன்னீங்கன்னுதான் சேர்ந்தேன்" என்றாள். அதில் கோபம் இல்லை; அதனால்தான் அது நம்மை இன்றும் சுடுகிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் நிறுத்தி வைக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருந்தது. அதைக் காட்டி வாதாடிச் சான்றிதழ்களை மீட்டோம். இழந்த ஆண்டை மீட்க முடியவில்லை. பேச வந்தவரோ அதற்குள் வேறு கல்லூரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மீண்டும் சீதனம்

உடுவிலில் கண்ட அதே தூண்டில் நம் பகுதியிலும் வீசப்பட்டது. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்ற மங்கலப் பெயர்களோடு, கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவற்றுக்குத் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் தரகர்கள் கொண்டுவந்தனர். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்பதே வாக்குறுதி. இடையில் நோயுற்று வெளியேறியவர் பலர் அத்தொகையைக் காணவில்லை. உடுவிலின் சீதனம் குறையுடையதாயினும், அதைப் பெற்ற பெண்ணின் கையில் எழுத்து இருந்தது. ஆலையின் சீதனமோ, படிக்க வேண்டிய வயதையே விலையாகக் கேட்டது.

நம் அரசின் திட்டம் ஒன்றிலும் இந்தச் சீதனக் கதை தொடர்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், 1989-இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2011-இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. மணத்தைக் காட்டிப் பள்ளியில் நிறுத்தும் அதே பழைய வழி. 2022-இல் அத்திட்டம் உருமாறியது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று கல்லூரி செல்லும் பெண்ணுக்கு, மாதம் 1000 ரூபாய் என்று ஆயிற்று. புதுமைப் பெண் என்று பெயர். 2024-இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற பெண்களுக்கும் அது விரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் கோவையில் தொடங்கியது. மணவறைக்குக் கொடுத்த பணம் வகுப்பறைக்குத் திரும்ப, உடுவில் காலந்தொட்டு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

மேய்ப்பரும் கூலியாளும்

யோவான் நற்செய்தியில் ஆண்டவர் நல்லாயனையும் கூலிக்கு மேய்ப்பவரையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். கூலிக்கு மேய்ப்பவர் ஓநாய் வரும்போது ஓடிவிடுகிறார். ஆடுகள் அவருடையவை அல்ல. அழைப்பதில் இருவரின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கலாம். வேறுபாடு பிறகே தெரியும். எலைசா அக்னியூவும் சகோதரி சுப்புலட்சுமியும் தாம் அழைத்தவர்களோடு நின்றார்கள். பின்னால் நிற்க மனமில்லாதவர் முன்னால் நின்று அழைக்கக் கூடாது. நாம் அந்த ஞாயிறன்று அழைத்தோம். அப்பெண் முதலாண்டில் என்ன ஆனாள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. கூலி வாங்காமலே கூலியாளாக நடந்துகொண்டோம்.

அன்றிலிருந்து நமது பங்கில் ஒரு சிறு பழக்கம் வைத்திருக்கிறோம். கல்லூரியிலிருந்து வருபவர் எவரும் ஆலய வளாகத்தில் பேசுவதில்லை. மாறாக, பட்டம் பெற்ற நம் இளைஞர் நால்வர் மே மாத மாலைகளில் பங்கு இல்லத்தில் அமர்கிறார்கள். பெற்றோரும் பிள்ளையும் அருகிலிருக்க, விருப்பப் பட்டியலைப் பிள்ளையின் கையாலேயே நிரப்பச் செய்கிறார்கள். நான்கு ஆண்டுக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, அரசு உதவி என்னென்ன, விலகினால் என்ன திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுக்கிறார்கள். கல்லூரி வேண்டாம், தொழிற்பயிற்சி போதும் என்று பிள்ளை சொன்னால், அதையும் மதிக்கிறார்கள். டிசம்பரில் ஒருமுறை அந்த வீடுகளுக்கு மீண்டும் செல்கிறார்கள்.

சான்றிதழ் மீட்ட அப்பெண் இப்போது பகலில் கம்பெனிக்குப் போகிறாள். அஞ்சல்வழியில் பட்டப்படிப்பைத் தொடர்கிறாள். மே மாத மாலைகளில் அமரும் நால்வர் தவிர, ஐந்தாவதாக அவளும் வந்து அமர்கிறாள். எந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்க மறப்பார்கள் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.