டிராகனின் இரத்தம்: ஒரு மரம் பரிசோதனைக்குப் போன கதை

பெரு, எக்குவடோர் நாடுகளின் அமேசன் காடுகளில் குரோட்டன் லெச்லெரி என்றொரு மரம் இருக்கிறது. பட்டையில் வெட்டினால் இரத்தச் சிவப்பில் பால் வடியும். ஸ்பானிய மொழியில் அதற்குப் பேர் 'சங்ரே டி டிராகோ', டிராகனின் இரத்தம். காயத்துக்குப் பூசுவதும் வயிற்றோட்டத்துக்குக் குடிப்பதும் அங்குள்ள பழங்குடிகளின் நெடுநாள் வழக்கம்.

1989இல் லிசா கோன்டே கலிபோர்னியாவில் ஷாமன் பார்மசூட்டிக்கல்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். ஆய்வுகூடத்தில் ஆயிரக்கணக்கான பதார்த்தங்களைக் குருட்டாம்போக்கில் சோதிப்பதை விட, காட்டு வைத்தியர்களிடமே போய்க் கேட்டால் என்ன என்பதுதான் யோசனை. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று இந்தச் சிவப்புப் பால். அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்துதான் குரோஃபெலமர்.

வழமையான வயிற்றோட்ட மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைக்கும். இது வேற மாதிரி. குடற்சுவரில் குளோரைட்டு வெளியேறும் வாசல்களை அடைக்கிறது. குளோரைட்டு வராவிட்டால் அதன் பின்னால் தண்ணீரும் வராது.

சரி, அப்ப மூலிகை வென்றுவிட்டதா? உடனே இல்லை. 1999இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்னொரு பரிசோதனை கேட்டது. 2001இல் கம்பனி வங்குரோத்தானது. கோன்டே நாபோ என்ற புதுக் கம்பனியோடு திரும்பி வந்தார். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களிடம் நடந்த பரிசோதனையில், குரோஃபெலமர் எடுத்தவர்களில் 17.6 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 8 வீதம். 2012 டிசம்பர் 31இல் அனுமதி கிடைத்தது. அதுவும் அவர்களுக்கு வரும், தொற்றால் ஏற்படாத வயிற்றோட்டத்துக்கு மட்டும்.

இந்த இலக்கங்களைக் கவனியுங்கோ. 'முன்னோர் சொன்னது எல்லாம் சரி' என்பவர்களுக்கும் ஏமாற்றம், 'எல்லாம் மூடநம்பிக்கை' என்பவர்களுக்கும் ஏமாற்றம். பத்தில் எட்டுப் பேருக்குப் பலனில்லை. ஆனால் பலன் கண்டவர்களின் தொகை போலி மாத்திரையை விட இரண்டு மடங்கு. ஆருக்கு, எதற்கு, எவ்வளவு என்று பரிசோதனைதான் பிரித்துச் சொன்னது.

அது சொல்லாத ஒன்றும் உண்டு. லாபத்தில் பங்கு பழங்குடிச் சமூகங்களுக்குப் போகும் என்று ஷாமன் சொல்லியிருந்தது. கம்பனி லாபமே காணவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா நேரம், 60 மாத்திரைகள் கொண்ட போத்தலின் விலை சுமார் 670 டொலரிலிருந்து 2,200 டொலருக்கு மேல் ஏறியது.

மூலிகையைச் சோதிக்கத்தான் வேணும். சோதித்து முடிந்த பிறகு அது ஆருக்குக் கிடைக்குது என்றும் கேட்க வேணும்.