நிறைமாதக் கணக்கு: ஜவ்வாது மலையில் பேற்றுக்கு முந்தைய உழைப்பும் மகப்பேறு விடுப்பும்

ஜவ்வாது மலையில் ஒன்பதாம் மாதத்திலும் வேலைக்குப் போகும் பெண்கள் இரு வகையினர். ஒருவர் ஜமுனாமரத்தூர் வட்டாரத்து அரசுப் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ மாதச் சம்பளம் வாங்குபவர். மற்றவர் சாமைக் கொல்லையில் களை பறிப்பவர். விறகும் தண்ணீரும் தலையில் சுமந்து வருபவர். முன்னவருக்கு விடுப்பு உண்டு, ஆனால் பேற்றுக்கு முன் எடுப்பதில்லை. பின்னவருக்கு எடுப்பதற்கு விடுப்பே இல்லை. இருவரும் இடுப்பு வலி காணும் வரை வேலையில் இருப்பதைப் பார்ப்பவர்கள் ஒன்றை ஆர்வம் என்றும் மற்றொன்றை வறுமை என்றும் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நம் மகப்பேறுச் சட்டங்களும் திட்டங்களும் பேற்றுக்கு முந்தைய காலத்தைத் தனிக் கணக்காக மதிக்கவில்லை என்பதே இரண்டுக்கும் பொது வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலையை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கு பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. இவர்கள் பேசுவது தமிழ். சாமை, கேழ்வரகு, புளி, தேன், கடுக்காய் ஆகியவை மலையின் வருவாய். அது போதாதபோது ஆண்கள் வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக்கொன்ற 20 மரம்வெட்டிகளில் இம்மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்தச் செய்தியோடு இக்கட்டுரைக்கு உள்ள தொடர்பு சிறியது, ஆனால் விட்டுவிடக் கூடியதல்ல: ஆண் கை இல்லாத வீட்டில் மாசமாக இருப்பவளுக்கு மாற்றாள் கிடையாது.

இனிச் சம்பளக்காரரின் கணக்கு. தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். மத்திய அரசுப் பணியில் 180 நாள். 12 மாதமோ 180 நாளோ, அது ஒரே முடிச்சில் கட்டிய பணம் போன்றது. பேற்றுக்கு முன் ஒரு நாள் எடுத்தால் பின்னால் ஒரு நாள் குறையும். பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டிய நாளை எந்தத் தாய் முன்கூட்டியே வரவழைத்துக்கொள்வாள்? ஆகவே ஆசிரியை நிறைமாதத்திலும் கரும்பலகை முன் நிற்கிறார். இதில் பணிப்பற்றும் இருக்கலாம். ஆனால் விதியே தரும் ஊக்கம் இது என்பதை மறைக்கக் கூடாது.

தொழில் நிறுவனங்களுக்கான 1961ஆம் ஆண்டு மகப்பேறுச் சட்டத்திலும் இதே அமைப்புதான் இருந்தது. அன்று 12 வாரம். அதில் பேற்றுக்கு முன் 6 வாரத்துக்கு மேற்படாமல் எடுக்கலாம். 2017 திருத்தம் அதை 26 வாரமாக்கி, முன்பகுதியின் உச்சவரம்பை 8 ஆக்கியது. 14 வாரம் கூடிய இடத்தில் முன்பகுதிக்கு வந்தது இரண்டே வாரம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்வரம்புகளை அப்படியே எடுத்துக்கொண்டது. எட்டு வாரத்தை எடுத்தவருக்குப் பின்னால் 18 வாரம். கடைசி நாள் வரை வேலை செய்தவருக்கு 26. கூடுதல் நாளைப் பரிசாக வைத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

சட்டம் இயற்றியவர்களுக்குப் பேற்றுக்கு முந்தைய உழைப்பின் கேடு தெரியாமல் இல்லை. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடே, பேற்றுக்கு ஆறு வாரம் முன்பு வேலையிலிருந்து விலகும் உரிமையை உடன்படிக்கையாக்கியது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேற்றுக்குப் பின்பு மட்டுமன்றி முன்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்குரியது என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். சென்னை மாகாணம் 1934இல் தன் சட்டத்தை இயற்றியது. 1961 சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: பேற்றுக்கு ஆறு வாரம் இருக்கும் கட்டத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால், கடும் உடலுழைப்பையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ அவருக்குத் தரக் கூடாது என்றது. ‘நிற்பது’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதிவைத்தவர் யாரோ, அவர் வேலைத்தலத்தைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லில் எல்லாம் அடங்கிப்போகிறது.

நாள்களை எண்ணுவதில் முதலாளிகள் எவ்வளவு கருமிகள் என்பதற்கு ஆனைமலை மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட் வழக்கு நல்ல சான்று. 1967இல் அங்கு பேறுகால விடுப்பில் போன தொழிலாளி ஒருவருக்கு, 12 வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாள் கூலியே கணக்கிடப்பட்டது. அவர் 84 நாள் கேட்டார். வழக்கு கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை போய், 1977இல் ஞாயிறும் வாரத்தில் சேர்ந்ததே என்று தீர்ந்தது. பன்னிரண்டு நாள் கூலிக்குப் பத்தாண்டு. 2000இல் தில்லி மாநகராட்சி வழக்கில் அதே நீதிமன்றம், மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தினக்கூலிப் பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டென்றது. ஆனால் இந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் ஒரு முதலாளி வேண்டும், பேர் எழுதிய ஏடு வேண்டும், ஆண்டில் 80 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். தன் கொல்லையில் குனிந்து நிற்பவள் எந்த ஏட்டில் தேடினாலும் அகப்படமாட்டாள்.

அவளுக்கென்று உள்ளது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் தொடங்கி, 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. கடைசித் தொகையில் பணம் 14,000. மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கருவுற்ற காலத்தில் இழக்கும் வருவாயை ஈடுசெய்வது இதன் அறிவித்த நோக்கங்களுள் ஒன்று. அந்த நோக்கத்தை அளவுகோலாக வைத்தே பார்ப்போம். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2024–25இல் நாட்கூலி 319 ரூபாய். 14,000 ரூபாய் 44 நாள் கூலி. சட்டம் நிறுவனப் பெண்ணுக்குத் தரும் 26 வாரத்தின் மேல் இதைப் பரப்பினால் நாளுக்கு 77 ரூபாய் தேறும். தொகை சிறியது என்பதைவிட, அது எதோடு கட்டப்பட்டது என்பது முக்கியம். பதிவு, பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பேறு, தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகள் கட்டப்பட்டன. ஓய்வோடு எதுவும் கட்டப்படவில்லை. 19 வயது நிரம்பாதவளும் மூன்றாம் பேற்றுக்காரியும் அதிலும் இல்லை. நூறு நாள் வேலையின் நடைமுறை விதிகள் கருவுற்ற பெண்களைத் தனிப்பிரிவாகக் கருதி, வீட்டருகே உடல் வருத்தம் குறைந்த வேலையை ஒதுக்கச் சொல்லியிருந்தன. நல்ல விதி. ஆனால் சொந்தக் கொல்லையின் களைக்கு அந்த விதி தெரியாது.

அரசு இக்களத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பது என் கருத்தல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிறுவனங்களில் நடந்தவை. பழங்குடி மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகளும் உண்டு. பேறு நாளுக்கு முன்பே வந்து தங்கலாம். ஆனால் ஆட்டையும் மாட்டையும் மூத்த பிள்ளையையும் யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கேள்விக்கு அறை பதில் சொல்லாது. பேறு எங்கே நடக்க வேண்டும் என்பதில் தமிழகம் வென்றது. அதற்கு முந்தைய மாதங்கள் எப்படிக் கழிய வேண்டும் என்பதை அவரவர் குடும்பத்திடம் விட்டது.

அந்தக் குடும்ப ஏற்பாடு நம்மிடம் ஒருகாலத்தில் வலுவாகவே இருந்தது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது சமவெளித் தமிழர் வழக்கம். மாமியார் வீட்டு வேலையிலிருந்து அவளை எடுத்துவிடும் இந்தச் சடங்கை ஊரறிந்த விடுப்பு உத்தரவு என்றே சொல்வேன். தலைப்பிரசவத்துக்கு மட்டும் என்பது அதன் குறை. இன்று அங்கன்வாடிகள் வழியே அரசு சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. கலவை சாதமும் கண்ணாடி வளையலும் உண்டு. மறுநாள் காலை வளையல் குலுங்க அவள் தண்ணீர்க்குடம் தூக்குகிறாள்.

எட்டு வார முன்விடுப்பைத் தனிக் கணக்காக்கிவிட்டால் போதுமா? ஜெர்மனி அப்படித்தான் செய்கிறது: பேற்றுக்கு முன் ஆறு, பின் எட்டு வாரம். விரும்பி வேலை செய்தாலும் முன்னது பின்னதோடு சேராது. குறித்த நாளுக்கு முன்பே பேறு நேர்ந்தால் மட்டும் இழந்த நாள்கள் பின்னால் கூட்டப்படும். நம் பள்ளி ஆசிரியைக்கு இது போதும் என்றே கருதுகிறேன். கொல்லைக்காரிக்குப் போதாது, காரணம் உடலியல் சார்ந்தது. புனே அருகே ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களின் அன்றாட உழைப்பை அளந்து, ஷோபா ராவும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, 18ஆம், 28ஆம் வாரங்களில் வயல்வேலையும் தண்ணீர் சுமப்பதும் மிகுந்திருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் உருவில் சிறியவையாக இருந்ததைக் காட்டியது. கேடு கடைசி எட்டு வாரத்துக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் மலைப்பெண்ணுக்கு வேண்டியது பேற்று நாளை ஒட்டிய விடுப்பைக் காட்டிலும், நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே சுமை குறைவது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை உமி நீக்கும் எந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொண்டுசேர்த்தபோது உலக்கை கையை விட்டுப் போயிற்று. அதை யாரும் மகப்பேறுத் திட்டம் என்று அழைக்கவில்லை. நான் அழைப்பேன். குழாயில் வரும் தண்ணீரும் சமையல் எரிவாயுவும் அதே வகையில் சேரும்.

முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவியின் பெரும் தவணை ஐந்தாம் மாதத்தில் வர வேண்டும். களை பறிக்க ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கும் அளவில் வர வேண்டும். வயதும் பேற்று எண்ணிக்கையும் அதற்குத் தடையாகக் கூடாது. சட்டம் ஓய்வை எண்ணத் தொடங்குவது 32ஆம் வாரத்தில். புனே ஆய்வு கேட்டைக் கண்டது 18ஆம் வாரத்திலிருந்து. இடையில் 14 வாரம், 98 நாள். ஜவ்வாது மலையில் விதைத்த சாமை விளைந்து களம் சேர ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகிறது.