உயிரைப் பறிக்காத தண்டனை

கடல் நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் மரக்கலம் செலுத்தி வாணிபம் புரிந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் முன்னோர் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றவும் கடல் கடந்தே சென்றனர். அந்தக் கடலையே தண்டனைக் கருவியாக்கியது ஆங்கில ஆட்சி.

முதலில் தன் நாட்டுக் குற்றவாளிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அவை கைநழுவிய பின், 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,60,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. இந்தியக் கைதிகளோ பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டனர். 1857 புரட்சி ஒடுக்கப்பட்டதும் அந்தமான் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் அங்கு வந்திறங்கினார். சில மாதங்களுக்குள், தப்பியோடிப் பிடிபட்ட 80-க்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்.

கடல் கடந்தால் சாதி கெடும் என்னும் அச்சம் அன்று இந்துக்கள் பலரிடம் இருந்தது. ஆகவே 'காலாபானி' மரணத்தினும் கொடிது என ஆட்சியாளர் கணக்கிட்டனர். இந்த அச்சம் இல்லாத முஸ்லிம்களுக்கு அது எவ்வாறு தண்டனையாயிற்று?

விடையை மௌலானா ஜஅஃபர் தானேசரியின் நினைவுக் குறிப்புகளில் காண்கிறோம். எல்லைப்புறப் போராளிகளுக்கு உதவியதாக 1864-இல் அம்பாலா நீதிமன்றம் அவருக்கும் மௌலானா யஹ்யா அலீக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களோ முகமலர்ச்சியுடன் தூக்குமேடையை எதிர்நோக்கினர். இவர்கள் விரும்பும் ஷஹாதத்தை இவர்களுக்கு அளிப்பதா என்று எண்ணியே, அரசு தண்டனையை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றியது என அவர் எழுதுகிறார். சாவுக்கு அஞ்சாதவரை வாழவைத்தே வதைப்பது; மனைவி மக்களைக் காணாமலும், உற்றார் கைகளால் நல்லடக்கம் பெறாமலும் செய்வது. அதுவே அத்தண்டனையின் உட்கருத்து.

யஹ்யா அலீ 1868-இல் அங்கேயே வபாத்தானார். அவருக்கு முன்பே, 1861-இல், மாமேதை பஸ்லே ஹக் கைராபாதியும் அம்மண்ணில் அடங்கினார். கவிஞர் காலிபின் நண்பரான அவர், சிறைவாசத்தில் 1857 புரட்சியைப் பற்றி அரபியில் வரைந்த நூல் கடல் கடந்து தாயகம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கே கழித்த தானேசரி, 1883-இல் விடுதலையாகித் திரும்பித் தம் வரலாற்றை எழுதினார். வாயடைக்க அனுப்பப்பட்டவர்களே சாட்சிகளாயினர்.

இன்று அந்தமான் செல்வோர் செல்லுலார் சிறையைக் கண்டு கண்கலங்கித் திரும்புகின்றனர். அச்சிறை 1906-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. நாம் கூறிய இப்பெரியோர்களோ அந்தச் சுவர்கள் எழுவதற்கு முன்பே அத்தீவின் காட்டிலும் சேற்றிலும் காலம் கழித்தவர்கள். சிறையைக் காட்டும்போது, சுவரில்லாத அந்தச் சிறையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.